அதே எண்களை வைத்தும் அதே படம் ஏன் வருவதில்லை?

நீங்கள் கேட்டது இது. ஒரு புகைப்படக்காரர் தனக்கு மிகப் பிடித்த மூன்று கொழும்புப் படங்களின் கீழே கமரா எண்களை எழுதியிருக்கிறார். முதலாவது காலிமுகத்திடலில் பட்டம் விடும் பிள்ளையின் நிழலுரு: எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது), 1/250 செக்கன் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்துக்கான உணர்திறன்). இரண்டாவது புறக்கோட்டையில் சிவப்புப் பள்ளிவாசலைத் தாண்டி வண்டில் இழுத்துப் போகும் நாட்டாமிகள் (சுமை தூக்கும் தொழிலாளர்): எஃப்/8, 1/500, ஐஎஸ்ஓ 400. மூன்றாவது ஆடிவேல் (முருகன் தேர்த் திருவிழா) இரவில் தேரை நிமிர்ந்து பார்க்கும் ஒரு பெண்ணின் முகம்: எஃப்/1.8, 1/100, ஐஎஸ்ஓ 3200. உங்களிடம் இருப்பது சிறிய சென்சர் கமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும். அதே எண்களை வைத்தும் வானம் வெளிறியது, பள்ளிவாசல் ஒரே சிவப்புக் கட்டியாகிவிட்டது, இரவுப் படத்தில் முகங்கள் சாம்பல் பூத்து நின்றன. எந்தப் பிரிசெட் (ஒரே சொடுக்கில் படத்தைத் திருத்தும் ஆயத்த அமைப்பு) வாங்கினால் சரிவரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிசெட்டுக்குக் காசு கொடுக்க முன், அந்த எண்களில் எது அவர் தெரிந்தெடுத்தது, எது வெளிச்சம் அவருக்குக் கொடுத்தது என்று பிரித்துப் பார்ப்போம். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே அவிழ்ந்துவிடும்.

பெரும்பாலான படங்களில் மூன்று எண்களில் ஒன்றைத்தான் எடுப்பவர் மனதில் வைத்திருப்பார். மற்ற இரண்டும் அந்த நேர வெளிச்சத்துக்கு ஏற்ப வந்து பொருந்தியவை. வண்டிற் படத்தில் அவர் பிடித்துக்கொண்டது 1/500. குறுக்கே போகும் சில்லும் காலும் கலங்காமல் இருக்க அது வேண்டும். ஆடிவேல் படத்தில் பிடித்துக்கொண்டது 1/100; காரணத்தைக் கீழே சொல்கிறேன். பட்டப் படத்திலோ மூன்றில் எதுவுமே முக்கியமில்லை. அங்கே முக்கியமானது வானத்தின் எந்த இடத்தைப் பார்த்து வெளிச்சத்தை அளந்தார் என்பது. அது எந்த எண்ணிலும் பதிவாகாது.

மாலைப் படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எண்களை நகலெடுப்பது அதிகம் கைவிடும் இடம் இதுதான். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் கடலை நோக்கிக் கிட்டத்தட்ட நேர்குத்தாக இறங்கும். அதன் கீழ் விளிம்பு தொடுவானத்தைத் தொட்டதிலிருந்து முழுவதும் மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் எடுக்கும். ஐரோப்பாவில் இருந்து எழுதுகிறவர்கள் ‘பொன்மாலைக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது’ என்பார்கள். அவர்கள் ஊரில் சூரியன் சரிந்து சரிந்து இறங்குவதால் அது சரி. நமக்கு அந்த மஞ்சள் வெளிச்சம் இருபத்தைந்து நிமிடம், மறைந்த பிறகு வானத்தில் நிறம் நிற்பது இன்னுமொரு இருபது நிமிடம், அவ்வளவுதான். சூரியன் தொடுவானத்துக்குக் கிட்ட நிற்கும்போது பக்கத்து வானத்தை அளந்தால் ஐஎஸ்ஓ 100, எஃப்/8 இல் ஏறத்தாழ 1/250 வரும். மறைந்து பத்து நிமிடத்தில் அது 1/30 அளவுக்கு வந்துவிடும். இருபது நிமிடத்தில் 1/4க்கும் கீழே போகும். முகிலும் கடற்புகாரும் பொறுத்து ஒன்றிரண்டு ஸ்டொப் இங்கும் அங்கும் மாறும். ஒரு ஸ்டொப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது. ஆக அவருடைய 1/250 அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் உரிய எண். நீங்கள் கால் மணி நேரம் முந்திப் போய் அதையே வைத்தால் வானம் வெளிறாமல் என்ன செய்யும்? மறையும் நேரமும் நிலையானதில்லை. நவம்பர் நடுவில் ஏறத்தாழ 5.50, யூலையில் 6.30 வரை போகும். யூன், யூலையில் சூரியன் வடமேற்கே துறைமுக நகரப் பக்கம் ஒதுங்கி இறங்கும், டிசம்பரில் தென்மேற்கே. போக முன் நேரத்தையும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் முறை இப்படி. கமராவை மனுவல் மோடில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8. சூரியன் சட்டத்துக்குள் வராதபடி, அதற்கு இரண்டு கையளவு தள்ளியுள்ள வானத்துக்குக் கமராவைத் திருப்பி, வெளிச்சம் அளக்கும் மீற்றர் நடுவில் நிற்கும்வரை ஷட்டரை மாற்றுங்கள். அங்கிருந்து மூன்றில் இரண்டு ஸ்டொப் குறையுங்கள். பிறகு படத்தை அமைத்து எடுங்கள். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்துகொள்ளுங்கள். ஹிஸ்டோகிராமை (படத்தில் வெளிச்சம் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடம்) பார்க்கும்போது வெள்ளைக் கோட்டை மட்டும் நம்பவேண்டாம். அந்தி வானத்தில் முதலில் நிரம்பி வழிவது சிவப்புத்தான். வெள்ளைக் கோடு பத்திரமாகத் தெரியும்போதே சிவப்பு வலச் சுவரில் முட்டி நிற்கும். அப்படிப் போன இடம் படத்தில் தட்டையான மஞ்சள் திட்டாக வரும், திருத்தத்தில் மீளாது. மூன்று நிறமும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராம் உங்கள் கமரா மெனுவிலும் இருக்கும். சூரிய வட்டம் மட்டும் வெள்ளையாகப் போனால் பரவாயில்லை, அதைக் காப்பாற்றப் பார்த்தால் மற்றதெல்லாம் இருண்டுவிடும். வைட் பலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைச் சமன் செய்யும் அமைப்பு) ஓட்டோவில் விடவேண்டாம். அந்த மஞ்சளைக் கமரா ஒரு பிழை என்று எடுத்துக்கொண்டு நீக்கப் பார்க்கும். பகல் வெளிச்சக் குறியில், அதாவது 5200 முதல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். சூரியன் இன்னும் கூசும் உயரத்தில் இருந்தால் கண்ணாடி வியூபைண்டருக்குள் கண்ணை வைத்து அதைப் பார்க்கவே கூடாது. திரையில் பார்த்து எடுங்கள்.

நிழலுருவின் அழகு விளிம்பில்தான். பிள்ளையின் இரண்டு காலுக்கும் நடுவில், கைக்கும் உடம்புக்கும் நடுவில் வானம் தெரிந்தால்தான் அது பிள்ளை. இல்லாவிட்டால் ஒரு தூண். அதற்கு நீங்கள் மண்டியிட்டு, தொடுவானம் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே போகும்படி கமராவைத் தாழ்த்துங்கள். குவியத்தைச் சூரியனில் வைக்காமல் பிள்ளையின் தோள் விளிம்பில் வையுங்கள். இறால் வடை வண்டில்களும் சனமும் பின்னால் சேர்ந்து கறுப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் திடலில் வழக்கமாக நடக்கும் பிழை. பத்து அடி விலகினாலே பல நேரம் தீரும்.

உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை திடலில் அரை மணி நேரம் நின்றாலே லென்ஸ் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சூரியனுக்கு நேரே பிடித்ததும் படம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளிறும். உங்கள் வானம் வெளிறியதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். உலர்ந்த துணியால் உடனே தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு இலேசாக ஈரமாக்கிய மைக்ரோபைபர் துணியால் ஒற்றி, கடைசியில் உலர்ந்ததால் துடையுங்கள். லென்ஸுக்கு முன்னால் மலிவான யூவி பில்டர் போட்டிருந்தால் சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். அது சூரியனின் இன்னொரு உருவத்தைப் பச்சைப் பொட்டாகப் படத்தில் வைக்கும்.

புறக்கோட்டைப் படம் இவ்வளவு சிக்கலில்லை. பெரும்பாலும் வேகமும் நிற்கும் இடமும்தான். 18 மில்லிமீற்றரில் எஃப்/8 வைத்து, குவியத்தைக் கையால் இரண்டு மீற்றரில் நிறுத்தினால், உங்கள் சென்சரில் ஒரு மீற்றரில் இருந்து தெருக்கோடி வரை தெளிவாக இருக்கும். இரண்டாம் குறுக்குத் தெரு நெரிசலில் ஓட்டோபோகஸ் தேடிக்கொண்டிருக்க, வண்டில் போய்விடும். இப்படி வைத்தால் தேட எதுவுமில்லை. ஷட்டர் 1/500 இல் நிலையாக இருக்க, ஐஎஸ்ஓவை ஓட்டோவில் விட்டு உச்சவரம்பை 3200 ஆக்குங்கள். வெயிலில் இருந்து தகரக் கூரை நிழலுக்கு ஒருவர் நுழைந்தால் மூன்று நான்கு ஸ்டொப் விழும், அதைக் கையால் துரத்த முடியாது.

பள்ளிவாசல் கட்டியாகிப் போனதற்குக் காரணம் பெரும்பாலும் கமராவின் ‘விவிட்’ நிறத் தெரிவுதான். 1909இல் கட்டி முடிந்த அந்தப் பள்ளிவாசலின் உயிரே செங்கல்லின் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் கோடுகள். சிவப்பு நிரம்பிவிட்டால் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையிலுள்ள கோடு கரைந்துவிடும். ‘நியூட்ரல்’ தெரிவில் வைத்து ரா கோப்பாக (கமரா திருத்தாத மூலப் பதிவு) எடுங்கள். திருத்தும்போது சிவப்பின் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) 10 முதல் 15 வரை குறைத்துப் பாருங்கள். நிறத்தைக் குறைத்ததும் சுவர் முன்னைவிடச் சிவப்பாகத் தெரியும், ஏனென்றால் இப்போது செங்கல் தெரிகிறது. கமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னுக்குச் சாயும். மட்டமாகப் பிடித்து, மேலே இடம் விட்டு எடுத்துப் பிறகு வெட்டுவது நல்லது. இன்னொன்று: வண்டில் இழுப்பவர் பாரத்தோடு வருகிறார். அவர் வழியில் நின்று படம் எடுக்காதீர்கள், முகம் பெரிதாகத் தெரியும் படமென்றால் கேட்டு எடுங்கள்.

ஆடிவேல் படத்துக்கு வருவோம். இங்கே உங்கள் மேல் பிழை மிகக் குறைவு. அவர் எஃப்/1.8 லென்ஸால் எடுத்தார். உங்கள் லென்ஸ் 55 மில்லிமீற்றரில் எஃப்/5.6க்குமேல் திறக்காது. இடைவெளி மூன்று ஸ்டொப்புக்கு மேல், அதாவது ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சம். அவருடைய ஐஎஸ்ஓ 3200 உங்களுக்கு 32000 ஆகவேண்டும். அதை வைக்காமல் 3200இலேயே எடுத்துவிட்டு, இருட்டாக வந்த முகத்தைப் பிறகு மூன்று ஸ்டொப் ஏற்றியதால்தான் சாம்பல் பூத்தது. இதை எந்தப் பிரிசெட்டும் திருத்தாது. பிரிசெட்டுக்கு வைத்திருக்கும் காசை ஒரு 50 அல்லது 35 மில்லிமீற்றர் எஃப்/1.8 லென்ஸுக்குச் சேருங்கள், பாவித்ததானாலும் பரவாயில்லை. அதுவரைக்கும் உங்கள் லென்ஸை 18 மில்லிமீற்றர் பக்கமே வைத்து, எஃப்/3.5இல், ஆட்களுக்குக் கிட்டப் போய் எடுங்கள். அங்கே இடைவெளி இரண்டு ஸ்டொப் மட்டும்தான். புதிய லென்ஸ் கிடைத்ததும் இன்னொன்று கவனிக்கவேண்டி வரும். 50 மில்லிமீற்றரில் எஃப்/1.8 வைத்து இரண்டு மீற்றரில் ஒருவரை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். கிட்டவுள்ள கண்ணில் குவியம் விழாவிட்டால் தோடு தெளிவாகவும் கண் கலங்கியும் வரும்.

1/100 ஏன்? இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் ரியூப் லைட்டும் பல எல்இடி விளக்குகளும் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பும் படத்துக்குள் வந்துவிடும், 1/50 வைத்தால் இரண்டு. 1/250 வைத்தால் துடிப்பின் ஒரு துண்டு மட்டும் விழும். அதனால்தான் அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று மஞ்சளாக, ஒன்று இருட்டாக, ஒன்றில் குறுக்கே பட்டையாக வருகிறது. இது உறுதியான கணக்கு. உறுதியில்லாதது தேர் அலங்கார விளக்குகள். ஜெனரேட்டரில் எரிபவை 50இல் இருந்து சற்று விலகலாம், நிறம் மாறி மாறி எரியும் எல்இடிகள் தம் சொந்த வேகத்தில் துடிக்கலாம். அங்கே 1/100, 1/80, 1/50 என்று மாற்றி எடுத்துத் திரையில் பெருப்பித்துப் பார்ப்பதைவிட வேறு வழியில்லை. சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டர் இருந்தால் நிறுத்தி மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள். சத்தமில்லாததில்தான் பட்டைகள் அதிகம். வைட் பலன்ஸை 4000 கெல்வின் அளவில் நிறுத்திவிட்டால் முழு இரவின் படங்களையும் ஒன்றாகத் திருத்தலாம். கற்பூரமும் எண்ணெய் விளக்கும் 2000 கெல்வினை ஒட்டியவை. அவை மஞ்சளாகத்தான் இருக்கவேண்டும், அதை வெள்ளையாக்கினால் அந்த இரவே போய்விடும்.

கமராவின் மீற்றர் சட்டத்துக்குள் வரும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்று எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டிக் கூட்டத்தைக் காட்டினால் ‘வெளிச்சம் கூடிவிட்டது’ என்று இருட்டாக்கும். நம்முடைய கரிய, மாநிற முகங்கள் அந்த இருட்டில் அமிழ்ந்துவிடும். கரிய முகம் சட்டத்தை நிரப்பினால் மறுபக்கம் போய் முகத்தை வெளுக்கும். வேட்டிகள் நிறைந்த காட்சிக்கு ஒரு ஸ்டொப் கூட்டுங்கள். நிரம்பிய கரிய முகத்துக்கு அரை ஸ்டொப் குறையுங்கள். கோவில் உள்ளே எடுக்கலாமா என்பதைக் கோவிலாரிடம் கேட்டுவிடுங்கள்.

இனித் திருத்தம். முடிந்த படத்தை மட்டும் பார்த்து அவர் எவ்வளவு திருத்தினார் என்று எவராலும் எண்ணாகச் சொல்ல முடியாது. எஃப்பும் ஷட்டரும் கோப்பில் எழுதப்படும், திருத்த ஸ்லைடர்கள் எப்போதும் எழுதப்படுவதில்லை. பிரிசெட் என்பது அவர் எடுத்த வெளிச்சத்தில், அவர் கமராவின் நிறத்தில் இருந்து தொடங்கிய ஸ்லைடர் அசைவுகளின் பதிவு. உங்கள் படம் ஒரு ஸ்டொப் இருட்டாக இருந்தால் அந்த அசைவுகள் எல்லாம் பிழையான இடத்தில் போய் விழும். ரா கோப்பில் எடுப்பது இங்கேதான் கைகொடுக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16384. அந்தி வானத்தின் மெல்லிய நிறமாற்றத்தை ஜேபெக்கில் இழுத்தால் படிக்கட்டு மாதிரி கோடு விழுவது இதனால்தான். மென்பொருளுக்குக் காசு வேண்டுமென்றில்லை. டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசம்.

ஒழுங்கு முக்கியம்: தொடுவானத்தை நேராக்குதல், வைட் பலன்ஸ், மொத்த வெளிச்சம், பிறகு ஹைலைட்ஸ் (வெளிச்சமான பகுதிகள்), பிளாக்ஸ் (மிகக் கறுத்த பகுதிகள்), அதன் பிறகே நிறம். பட்டப் படத்துக்கு நான் தொடங்கும் இடம் லைட்ரூம் என்ற திருத்த மென்பொருளின் அளவில் இப்படி: 5800 கெல்வின், ஹைலைட்ஸ் −40, ஷடோஸ் (நிழல் பகுதிகள்) 0, பிளாக்ஸ் −10, வைப்ரன்ஸ் (மங்கிய நிறங்களின் செறிவு) +10, சாச்சுரேஷனில் கைவைப்பதில்லை. இது ருசி சார்ந்தது, உங்கள் கண்ணுக்கு வேறாக இருக்கலாம். ஆனால் ஷடோஸை ஏற்றாமல் விடுவதில் எனக்கு உறுதி உண்டு. நிழலுருவில் ஷடோஸை +60 ஆக்கும் பிரிசெட்டுகள் பிள்ளையின் சட்டையைக் கறுப்பும் இல்லாத நிறமும் இல்லாத ஒரு ஊதா அழுக்காக்கிவிடும். டிஹேஸையும் (புகாரை நீக்கும் ஸ்லைடர்) 10க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். கடற்புகார்தான் தூரத்துக் கப்பலைத் தூரத்தில் வைத்திருக்கிறது. அதை உரித்தால் வானத்தில் புள்ளிகளும் கிளம்பும்.

முகத்தின் நிறத்தில் மட்டும் தயவுசெய்து பொறுமையாக இருங்கள். நம் தோல் செம்மஞ்சள் வரம்பில் விழும். அதன் பிரகாசத்தை ஏற்றும் ஸ்லைடர் ஆட்களை வெளுக்க வைக்கும் ஸ்லைடர். பல பிரிசெட்டுகளில் அது சொல்லாமலே ஏறியிருக்கும். வாங்கியதை முதலில் திறந்து அங்கே பாருங்கள். மாநிற முகம் அழகாக வருவது அது வெளிச்சமாக இருப்பதால் இல்லை. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் மினுக்கத்துக்கும் கழுத்து நிழலுக்கும் இடையிலுள்ள தூரத்தால்தான். முகத்தை மட்டும் மாஸ்க் செய்து (தனியே தெரிந்தெடுத்து) எக்ஸ்போஷரை +0.3 முதல் +0.5 வரை ஏற்றி, அதே மாஸ்க்கில் பிளாக்ஸை −10 இறக்குங்கள், ஷடோஸைத் தொடவேண்டாம். சாம்பல் தெரிந்தால் சுட்டியை நெற்றியில் வைத்து மூன்று எண்களையும் வாசியுங்கள். சிவப்பு மேலே, பச்சை நடுவில், நீலம் கீழே, இடைவெளி நன்றாகத் தெரியவேண்டும். நீலம் பச்சையை நெருங்கியிருந்தால் அந்த மாஸ்க்கின் வெப்பத்தைக் கூட்டுங்கள். தெரு எல்இடியால் பச்சை ஏறியிருந்தால் ரின்ற்றை மஜென்ரா பக்கம் சிறிது தள்ளுங்கள். அலங்கார விளக்கின் கடும் நீலம் நேரே விழுந்த முகத்தில் விபரமே இருக்காது. அதைக் கறுப்பு வெள்ளையாக்குவது நேர்மையான வழி.

புள்ளி நீக்கத்தைக் குறைவாக வையுங்கள், நிறப் புள்ளிக்கு 25, வெளிச்சப் புள்ளிக்கு 20 முதல் 30. அதற்கு மேலே போனால் முகம் மெழுகாகும், பட்டுச் சேலையின் நெசவு அழியும். போனில் எடுப்பதாக இருந்தால் அது தானாகவே பல படங்களைச் சேர்த்து நிழலை ஏற்றிவிடும். நிழலுரு வேண்டுமென்றால் வானத்தைத் தொட்டுப் பிடித்துப் பூட்டி, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுங்கள்.

இனிமேல் போகும்போது ஏசி வாகனத்தில் இருந்து இறங்கியதும் கமராவை வெளியே எடுக்காதீர்கள். கொழும்பு ஈரக்காற்றில் குளிர்ந்த கண்ணாடி உடனே புகைபோடும். மூடிய பையில் இருபது நிமிடம் இருக்கட்டும். வீட்டில் அலுமாரிக்குள் வைக்காமல், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஈரப்பதம் 40 முதல் 50 வீதம். இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். திருத்தும்போது திரை வெளிச்சத்தைப் பாதியளவுக்குக் குறைத்துவிடுங்கள். முழு வெளிச்சத்தில் இரவில் திருத்திய படம் பிரின்டில் இருட்டாகத்தான் வரும். அனுப்புவதற்கு எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிற முறை), நீளப் பக்கம் 2048 பிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியூமென்டாக அனுப்புங்கள். பெரிதாகப் பிரின்ட் போடுவதாக இருந்தால் அதே கோப்பில் முதலில் 4×6 அங்குலத்தில் ஒன்று எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு அடைத்து நின்றால் எக்ஸ்போஷரை +0.3 ஏற்றி இன்னொன்று எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரியதைக் கொடுங்கள்.